இதில் துவைத்தது யார்?

கம்பம் பள்ளத்தாக்கில் ஓடாமல் நின்றுபோன வாஷிங்மிஷின் எந்த வீட்டில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால், தெருவைச் சொல்லி, வாசல் கதவின் நிறத்தைச் சொல்லி, மிஷின் எந்த மூலையில் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தள்ளுவண்டியில் பழைய இரும்பு எடுத்து, கம்பத்தில் இரும்புக்கடை போட்டு, அதிலிருந்து தேனியில் மூன்று மாடிக்கு வீட்டுச் சாமான் கடை வைத்தவன். ஒரு மிஷினைத் தூரத்திலிருந்து பார்த்தே உள்ளே செம்பு எவ்வளவு, அலுமினியம் எவ்வளவு என்று சொல்வேன். தராசில் வைத்தால் கால் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட என்னிடம் பதில் இல்லாத கேள்வியைக் கேட்டவர் ஒருவர்தான். பேர் வேண்டாம். உத்தமபாளையத்தில் எல்லோரும் அவரை மிஷின் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். சவூதியில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பியவர்கள் நிலம் வாங்குவார்கள், திராட்சைப் பந்தல் போடுவார்கள், ஜீப் வாங்கிக் குமுளிக்கு ஓட்டுவார்கள். இவர் பழைய வாஷிங்மிஷின் சேர்த்தார்.

முதன்முதலில் அவர் என் இரும்புக்கடைக்குள் வந்தபோது நான் ஒரு மிஷினைப் படுக்கப்போட்டுச் சுத்தியலைக் கையில் எடுத்திருந்தேன். கப்பலில் வந்த ஜப்பான் மிஷின். துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி, மேலே அரபு எழுத்து. பாய்க்கு வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, சட்டைப்பையில் ஒரு பேனா, அதன் பக்கத்தில் ஒரு டெஸ்டர். குத்த வைத்து உட்கார்ந்து மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார்.

"இதுல துவைச்சது யாரு மச்சான்?"

பார்த்த முதல் நாளே மச்சான். நானும் விடவில்லை.

"துவைச்சது மிசினுதேன் பாய். வேற யாரு, நானா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"மிசினுக்குத் துணி போட்டவுக யாருன்னு கேக்கேன்."

"கூடலூர்க்காரரு ஒருத்தரு குடுத்தாரு."

"அவரு துவைச்சாரா?"

"ஆம்பள எதுக்கு பாய் துவைக்கணும்?"

"அப்ப அவருக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் அந்தச் சுத்தியலக் கீழ வைங்க."

வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. மறுநாள் கூடலூருக்குப் பஸ் ஏறிப்போய், வீட்டைக் கண்டுபிடித்து, அந்த வீட்டம்மாவிடம் பேசிவிட்டு வந்தார். வந்ததும் மிஷினை நிமிர்த்தச் சொன்னார். பின்பக்க இடது காலுக்குக் கீழே ஒரு சாக்கை நாலாக மடித்து வைத்தார். தண்ணீர் ஊற்றி, என் கடைத் துண்டு இரண்டைப் போட்டுச் சுவிட்சைத் திருகினார். செத்துப்போனது என்று நான் தீர்ப்புச் சொன்ன மிஷின் அசையாமல் குலுங்காமல் பம்பரம்போலப் பிழிந்து கொடுத்தது.

"ரெண்டு வருசமா அந்தம்மா சாக்கு வச்சுத்தேன் ஓட்டியிருக்காக. வீட்டுக்காரரு சாக்கக் குப்பையில போட்டுட்டு மிசினு கெட்டுப்போச்சுன்னு உங்ககிட்டக் குடுத்துட்டாரு."

என் ஆட்கள் மிஷினைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. அடுத்த வாரம் நானே அவர் வீடு தேடிப் போனேன்.

ஒரு பழைய பருத்திக் கிடங்கை வாடகைக்குப் பிடித்திருந்தார். உள்ளே இரண்டு வரிசையாக மிஷின்கள். கடைசியாக எண்ணியபோது பத்தொன்பது. எல்லாமே ஓடும். நாளுக்கு இரண்டு என்று முறை வைத்து ஓட்டுவார். அவர் வீட்டுத் துணி போதாமல் பக்கத்து வீட்டுத் துணியையும் கேட்டு வாங்குவார். ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். "புதுசு துணியச் சுத்துது. இது துணியப் பெசையுது, கேட்டுப் பாருங்க," என்பார். நானும் கேட்டேன். முதலில் எனக்கு எல்லாம் ஒரே சளசளப்பாகத்தான் இருந்தது. போகப்போகப் பிடிபட்டது. சிலது மாவாட்டுவது போல, சிலது எருமை தண்ணீருக்குள் இறங்குவது போல.

எந்த மிஷினுக்கும் பெயின்ட் அடிக்கமாட்டார். கீறல் இருந்தால் அதைத்தான் முதலில் காட்டுவார். தொட்டி விளிம்பில் வலப்பக்கம் மெல்லிசாகக் கோடு கோடாக இருக்கும். அது வளையல் உரசியது. ஒரு மிஷினில் மட்டும் இடப்பக்கம் இருந்தது. "இவுக இடக்கைக்காரவுக," என்றார். ஆயிரம் மிஷின் பிரித்த எனக்கு அந்தக் கோடு ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

ஒவ்வொரு மிஷினிலும் சணலில் கட்டிய ஒரு அட்டை தொங்கும். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, பின்பக்கம் எழுதியது. கம்பெனி பேர் இருக்காது, வருடம் இருக்காது. துவைத்தவர் சொன்னது மட்டும் இருக்கும். 'சின்னமனூர். மூன்று பிரசவத் துணியும் இதில்தான்.' 'தேவதானப்பட்டி. மாமியார் இருந்தவரை ஓடவில்லை.' 'பாளையம். கணவர் வந்த மாதங்களில் மட்டும்.' ஆண் சொன்னது ஒரு வரிகூட எழுதமாட்டார். ஏன் பாய் இப்படி என்று மூன்று தடவை கேட்டேன், மூன்று பதில் சொன்னார். மிஷினின் குறை துவைத்தவருக்குத்தான் தெரியும் என்றார் ஒரு தடவை. சவூதியில் இருபது வருடம் துவைத்தபோது தன்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை என்றார் இன்னொரு தடவை. மூன்றாம் தடவை, "சும்மா ஒரு இதுதேன் மச்சான்," என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

கோம்பையில் ஒரு வீடு. நான்தான் கூட்டிப்போனேன். வீட்டுக்காரர் திடகாத்திரமான ஆள், மீசையைத் தடவிக்கொண்டே மிஷினின் பெருமையைச் சொன்னார். மகளுக்குச் சீராக வாங்கிய மிஷினோடு சேர்த்துத் தன் வீட்டுக்கும் ஒன்று வாங்கினாராம். தினம் ஓடுகிறதாம். சத்தமே கிடையாதாம். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கதவுப்பக்கம் திரும்பி, "ஆத்தா, சத்தம் வருமா?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சத்தம் எப்படிண்ணே வரும்? நாலு வருசமா அதுல உளுந்தில்ல கெடக்கு."

மூடியைத் திறந்தார். கழுத்து வரைக்கும் உளுந்து, மேலே வேப்பிலை. மீசைக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் திறக்கப் போகவேண்டும் என்று எழுந்து போனார். பாய்க்கு அந்த மிஷின்மேல் உயிர். "பூச்சி அண்டலையே ஆத்தா, மூடி அம்புட்டு இறுக்கமா?" என்று அந்தம்மாவிடம் அரைமணி நேரம் உளுந்தைப் பற்றியே பேசினார். 'கோம்பை. உளுந்துக்கு நல்லது' என்று அட்டை எழுதினார்.

இன்னொரு தடவை சின்னமனூரிலிருந்து ஜீப்பில் மலைக்குப் போனோம். ஒரு எஸ்டேட் பங்களாவின் சாமான் அறையில் வெள்ளைக்காரத் துரை காலத்து மிஷின் கிடந்தது. வட்டத் தொட்டி, வெளிர்பச்சை எனாமல், கீழே சின்னச் சக்கரங்கள், மேலே துணியைப் பிழிய இரண்டு ரப்பர் உருளை, அதைச் சுற்ற ஒரு கைப்பிடி. அந்த மாதிரி ஒன்றை நானும் பார்த்ததில்லை. மேனேஜர் எடுத்துப்போங்கள் என்றார். நான் கயிற்றை எடுத்தேன். பாய் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"இதுல துவைச்சது யாரு சார்?"

"அவங்கல்லாம் லண்டன் போய் எத்தனையோ வருஷமாச்சு," என்று மேனேஜர் சிரித்தார்.

"துரைசானி துவைச்சிருக்க மாட்டாகளே."

சாரல் மழையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தோம். என் காலில் மூன்று அட்டைப்பூச்சி கடித்தது. அவர் காலில் ஒன்றுகூட இல்லை. லயத்தின் கடைசி வீட்டில் பங்களாவில் வேலை பார்த்த கிழவி ஒருத்தி இருந்தாள். கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மெத்தை விரிப்பு, மேசைத்துணி, நாய்க்குப் போர்த்துகிற கம்பளி, எல்லாம் அதில்தான் துவைத்தாளாம்.

"உங்க துணி?" என்று பாய் கேட்டார்.

கிழவி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே சிரித்தாள். துரை வீட்டார் ஒரு வாரம் ஊரில் இல்லாதபோது தன் சேலை ஒன்றைப் போட்டாளாம். உருளையில் முந்தானை சிக்கி, திருப்பிச் சுற்றி எடுப்பதற்குள் உயிர் போய் வந்ததாம்.

"பொறவு அந்தச் சேலையக் கட்டவே இல்லப்பா. அம்புட்டுப் பளிச்சுன்னு ஆயிப்போச்சு. கட்டுனா கண்டுபிடிச்சிருவாகளே."

'மலை பங்களா. ஒரு சேலை. ஒரே தடவை. கட்டவில்லை.' அந்த அட்டையை எழுதி, ஜீப்பில் கீழே வரும்வரை பாய் கையிலேயே பிடித்திருந்தார். நான் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வந்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைச் சொன்னதாகாது.

மூன்றாவது பிள்ளை பிறந்தபோது என் மனைவிக்கு நானே ஒரு வாஷிங்மிஷின் செய்துகொடுத்தேன். கடையில் வாங்கவில்லை, செய்தேன். ஒன்றின் தொட்டி, இன்னொன்றின் மோட்டார், வேறொன்றின் உடம்பு. செத்த மூன்றைச் சேர்த்து உயிருள்ள ஒன்று. கம்பத்தில் எங்கள் தெருவில் அதுதான் முதல் மிஷின். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதினைந்து வருடம் ஒருநாள்கூட நின்றதில்லை என்று பாயிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவர் "ம்" என்பார். அல்லிநகரத்தில் புது வீடு கட்டிப் போன பிறகும் அந்த மிஷின் பின்கட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை பாயின் கிடங்குக்குக் கொடுப்பது என்று நான் முடிவு செய்தேன். எனக்கு ஒரு ஆசை இருந்தது. செய்தவர் இன்னார் என்று என் பேர் எழுதிய அட்டை அந்தப் பத்தொன்பதோடு தொங்கவேண்டும். மூன்று மாடிக் கடையில் என் பேர் ஆள் உயர எழுத்தில் இருக்கிறது. ஆனாலும் அந்த அட்டையில் இருப்பது வேறு.

பாய் வந்தார். டீ குடித்தார். மிஷினைச் சுற்றிப் பார்த்தார்.

"தங்கச்சியக் கூப்பிடுங்க."

"அவ என்ன பாய் சொல்லப் போறா? போல்ட் போல்ட்டா மாட்டுனவன் நானு. என்னையக் கேளுங்க."

"உங்களையத்தான் ஏழு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன் மச்சான்."

என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வெளியாள் முன்னால் அதிகம் பேசாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

"இதுல துவைச்சது நீங்கதான தங்கச்சி?"

"நாந்தேண்ணே."

"எப்படி இது?"

அவள் என்னைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள்.

"ஷாக் அடிக்கும்ணே."

நான் சிரித்தேன். "எப்பயாச்சும் ஒருக்க ஈரக் கையோட தொட்டிருப்பா பாய்."

"தெனமும்," என்றாள்.

அதற்குப் பிறகு, ரசம் வைக்கிற பக்குவம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். காலுக்கு ரப்பர் செருப்பு. செருப்புக்குக் கீழே ஒரு பலகை. துணியைத் தொடும் முன்னால் சுவிட்சை அணைக்கவேண்டும். அணைத்த பிறகும் ஒருதடவை விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையை விடவேண்டும். துவைக்கிற நேரம் பிள்ளைகள் வந்துவிடாதபடி பின்கட்டுக் கதவைத் தாழ் போடவேண்டும்.

"மழ நாள்ல அத ஓட்டவே மாட்டேன். இவுக கடைக்குப் போனப்புறம் கல்லுல துவைச்சுருவேன்."

"இத்தன வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம..." என்று ஆரம்பித்தேன்.

"மொத நாளே சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"நான் செஞ்சது அடிக்காதுன்னீக."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மிஷின் சுவிட்சைப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, அதன் தலையில் முழுக் கையையும் வைத்தேன். தோள்பட்டை வரை ஒரு இழுப்பு இழுத்து உதறியது. பின்னால் இருந்த வாளியோடு சேர்ந்து உட்கார்ந்தேன்.

"செருப்பு போட்டுக்கச் சொல்லலாம்னு பார்த்தேன்," என்று அவள் பாயிடம்தான் சொன்னாள். "அதுக்குள்ள கைய வச்சுட்டாக."

பாய் பிளக்கை உருவினார். பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். மோட்டாரிலிருந்து வந்த பச்சைக் கம்பி பாதியில் வெட்டப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அந்தச் சுற்று என் கைச்சுற்று; எங்கே பார்த்தாலும் தெரியும். கம்பம் வீட்டில் சுவர்ப் பிளக்கில் இரண்டு ஓட்டைதான். மூன்றாவதாக ஒரு கம்பி வேலையில்லாமல் தொங்குகிறதே என்று வெட்டிவிட்டேன். மண்ணுக்குப் போகவேண்டிய கரண்ட் பதினைந்து வருடம் அவள் கைக்குப் போயிருக்கிறது. வெட்டிய துண்டைச் செம்போடு செம்பாக எடைக்குப் போட்டிருப்பேன்.

பாய் புதுக் கம்பி மாட்டி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் விரலின் பின்பக்கத்தால்தான் தொட்டாள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையையும் பேனாவையும் எடுத்தார்.

"பாய், இத எழுத வேணாம்," என்றேன். "கரண்டு சாமான் விக்கிறவன் நானு. பள்ளத்தாக்கு பூரா உங்க கிடங்குக்கு வருது. நான் தல காட்ட வேணாமா?"

"எங்கிட்டக் கேக்காதீக. தங்கச்சியக் கேளுங்க."

நான் கேட்கவில்லை.  அவளாகத்தான் சொன்னாள்.

"எழுதுங்கண்ணே. செஞ்சவுக பேரையும் போடுங்க. அவுக ஆசப்பட்டாக."

குத்திச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 'கம்பம். பதினைந்து வருடம். தினமும் ஷாக்.' அதற்குக் கீழே என் பேர்.

மிஷின் அட்டையோடு பாயின் கிடங்குக்குப் போனது. நான் பயந்ததே நடந்தது. கடையில் ஒரு கோம்பைக்காரர் புது மிஷினைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, இது நீங்க செஞ்சதில்லையே?" என்றார். என் ஆட்கள் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள். நாலைந்து மாதம் பொறுத்துவிட்டு பாயிடம் போனேன். அட்டையைக் கழற்றச் சொன்னேன்.

"தங்கச்சி வந்து சொன்னா இந்த நிமிசமே கழட்டுறேன்."

"நான் மட்டும் செஞ்சு குடுக்கலேன்னா அவ காலம் பூராவும் கல்லுலதான பாய் துவைச்சிருப்பா? அது கணக்கில்லையா?"

"அதையும் அவுகதான் சொல்லணும்," என்று டீ வரவழைத்தார்.

ஆளைப் பிடிக்க, அதிகாரியைச் சமாளிக்க, கடன்காரனைப் பேசி அனுப்ப எனக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொந்த மனைவியிடம் இதைக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆனது. ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"பாளையம் வரைக்கும் போயிட்டு வருவமா?"

"எதுக்கு?"

"அந்த அட்டை."

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு, "வாரேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையம் கிடங்குக்குப் போனோம். நேராக எங்கள் மிஷினுக்கு வருவாள் என்று பார்த்தால் வரவில்லை. முதல் வரிசையின் முதல் மிஷினிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அட்டையாகக் கையில் பிடித்து வாசித்தாள். எட்டாவது படித்தவள், என்னைவிட வேகமாக வாசிப்பாள். அன்றைக்கு மெதுவாக வாசித்தாள். உளுந்து அட்டையில் சிரித்தாள். மலை பங்களா மிஷின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பாய் ஸ்டூலை எடுத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எங்களுடையதற்கு வந்தாள். வாசித்தாள். நான் வாசற்படியில் நின்று சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"இதுல ஒரு வரி விட்டுப்போச்சுண்ணே."

இன்னும் என்ன மிச்சம் வைத்திருக்கிறாளோ என்று படியை விட்டு உள்ளே வந்தேன்.

"சொல்லுங்க தங்கச்சி."

"துணி நல்லா வெளுக்கும். அதையும் போடுங்க."

பாய் போட்டார். பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"கழட்டவா?"

"எதுக்கு? ரெண்டும் உள்ளதுதான."

பாய் இறந்து இப்போது வெகுநாளாகிவிட்டது. அவர் மகன்கள் இருவரும் வளைகுடாவில். கிடங்கைக் காலி செய்ய என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிரித்தால் எவ்வளவு தேறும் என்று பார்த்த உடனே எனக்குத் தெரியும். பிரிக்கவில்லை. இருபதும் அட்டையோடு என் கிடங்கில் நிற்கின்றன. இடத்தை அடைக்கிறது என்று என் மேனேஜர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும், இடம் என்னுடையது.

துணி நல்லா வெளுக்கும் என்று என் மனைவி சொன்னதை நான் சொல்லாத ஆள் கிடையாது. கடைக்கு வருகிறவர்களிடம், சம்பந்திமாரிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று. அட்டையில் அதற்கு மேலே இருக்கிற ஷாக் வரியை இப்போதுதான், அவளைக் கேட்டுவிட்டு, எழுதுகிறேன்.